ஸ்கேன் நார்மல், ஆள் பழைய ஆள் இல்லை

கேள்வி: சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது என் கணவர் விழுந்து ஏழு மாதமாகிறது. கால் மணி நேரம் நினைவில்லை. சிடி ஸ்கேன் நார்மல் என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். இப்போது தொட்டதற்கெல்லாம் கோபம், மறதி. குழம்பில் உப்பும் காரமும்தான் தெரிகிறதாம், வாசனையே இல்லையாம். மாமியார் இதைத் திமிர் என்கிறார்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: திமிர் இல்லை. அந்த வாசனைதான் துப்பு. மூக்கின் கூரையில் சல்லடைபோல் ஓர் எலும்பு உண்டு. வாசனை நரம்பிழைகள் அதன் துளைகள் வழியே மேலே போகின்றன. தலை அடிபட்டு மூளை ஆடும்போது அவை அறுந்துபோகும். அவற்றுக்கு நேர் மேலே இருப்பது, கோபத்தை அடக்கிவைக்கும் முன்மூளையின் அடிப்பகுதி. இரண்டும் சேர்ந்தே அடிபடுவது சகஜம்.

சிடி எடுப்பது முக்கியமாக ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் பார்க்க. இழுபட்ட நுண்ணிய நரம்பிழைகள் அதில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் சில நேரம் தெரியும். தெரியாததால் காயமே இல்லை என்றாகாது.

கோபம் வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவையுங்கள். அநேகமாக மாலைக் களைப்பு, பசி, டிவி இரைச்சல் என்று ஒரு கணக்கு அகப்படும். அந்த நேரத்தில் பதிலுக்குப் பதில் பேசாமல் கால் மணி நேரம் விலகியிருங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். மறதிக்கு ஒரே நோட்டு, எப்போதும் ஒரே சட்டைப்பையில்.

கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது. இரவில் ரெகுலேட்டரை மூடுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். மீந்த சோறு கெட்டதா என்று அவரை முகர்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள்.

மரம் ஏறுவது, தேயிலைச் செடி வெட்டும் கவாத்து மெஷின் இரண்டும் இப்போதைக்குக் கூடாது. டாக்டர் சான்றிதழோடு அரை நாள் வேலை கேளுங்கள். கொழுந்து எடை எழுதும் வேலையைச் சலுகை என்று தருவார்கள். கவனம் சிதறுகிறவருக்கு அதுதான் கஷ்டம். குடி இருந்தால் அறவே நிறுத்த வேண்டும், குடித்தால் வலிப்பு வரக்கூடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தலைவலி மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தொட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறும். பிறகும் வருடக்கணக்கில் மெதுவாகத் தேறும். ஓராண்டு தாண்டினால் வாசனை திரும்புவது அரிது. நரம்பியல் மருத்துவரிடம் ஞாபகத்திறன் சோதனை கேளுங்கள். சோர்வு விடாவிட்டால் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் தேவை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அடிபட்டிருக்கலாம்.

கேள்வி: 72 வயது அம்மா ஒரு மாதம் முன்பு படியில் வழுக்கித் தலையில் லேசாக அடி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாளாகத் தள்ளாட்டம், தூக்கம். மேட்டுப்பாளையம் போன பஸ்ஸில் வாந்தி.
– வாசகர், குன்னூர்

பதில்: அந்த வாந்தியைக் கொண்டைஊசி வளைவுகளின் தலையில் கட்டாதீர்கள். வயதில் மூளை சுருங்க, அதைச் சுற்றியுள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில் கிழிந்து வாரக்கணக்கில் கசியும். இன்றைக்கே சிடி எடுக்க வேண்டும். கசிவுதான் என்றால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடலாம். பலர் நன்றாகத் தேறுகிறார்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், நிறுத்துவதா என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.