மெமரி குறைவதை ஆண்ட்ராய்டு ஆப்புக்கு முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றுக்கு பில் போடும் ஆப் எழுதியிருக்கிறேன். 2 ஜிபி ரேம் போன். புடவையைப் படம் எடுக்க போனின் கேமராவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், ஆப் முதலிலிருந்து தொடங்குகிறது. பாதி போட்ட பில் காணோம். மெமரி போதவில்லை என்று ஓஎஸ் சொல்லாதா?

ஆண்ட்ராய்டு 13 வரை சொல்லும். ஆனால் அந்த அறிவிப்பை நம்பி பில்லைக் காப்பாற்ற முடியாது.

கேமரா திறந்ததும் நடப்பது இதுதான். திரையில் இருக்கும் ஆப்புக்கு ஓஎஸ் போடும் மதிப்பெண் 0. கேமரா முன்னால் வந்தவுடன் உங்கள் ஆப் ‘முந்தைய ஆப்’ ஆகி 700-க்குப் போய்விடும். எண் கூடுதலாக உள்ளதைத்தான் எல்எம்கேடி என்ற பின்னணி நிரல் முதலில் நிறுத்தும்.

எப்போது நிறுத்துவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டு 10 முதல், லினக்ஸ் கெர்னல் (ஆண்ட்ராய்டின் அடித்தளம்) 4.20-இல் வந்த பிஎஸ்ஐ அளவை அது பயன்படுத்துகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் எத்தனை கன்டெய்னர் லாரி இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நேரம் நகராமல் நிற்கிறது என்பதுதானே நெரிசலைக் காட்டும்? பிஎஸ்ஐயும் அப்படித்தான்: மெமரிக்காகப் புரோசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) காத்துக் கிடந்த நேரத்தை எண்ணும். லோ-ரேம் என்று குறிக்கப்பட்ட போன்களில், ஒரு நொடிக்குள் 200 மில்லிசெகண்ட் காத்திருப்பு சேர்ந்தால் எல்எம்கேடி விழித்துக்கொள்ளும். இது இயல்பான அமைப்பு. போன் கம்பெனி மாற்றியிருக்கலாம். நிறுத்த எல்எம்கேடி அனுப்புவது SIGKILL (சிக்னல் 9) என்ற கட்டாய நிறுத்தக் கட்டளை. அதை எந்த ஆப்பும் பிடிக்க முடியாது. ஆப்பின் திரை மூடும்போது வழக்கமாக ஓடும் ஆன்டெஸ்ட்ராய் ஓடவே ஓடாது.

ஆப்புக்கு வரும் அறிவிப்பு ஆன்டிரிம்மெமரி. 5, 10, 15, 20, 40, 60, 80 என்று நிலைகள் உண்டு. இணையத்தில் உள்ள பழைய பதில்களைப் பார்த்து 15 வரும், 80 வரும் என்று காத்திருக்காதீர்கள்: ஆண்ட்ராய்டு 14 முதல் 20-உம் (திரை மறைந்தது) 40-உம் (பின்னணிக்குப் போனது) மட்டுமே வருகின்றன. 20 வந்ததுமே படங்களின் கேஷை (மெமரியில் வைத்திருக்கும் நகல்களை) காலி செய்யுங்கள். 12 மெகாபிக்சல் படம் ஒன்று மெமரியில் விரிந்தால் 4000 × 3000 × 4 பைட், அதாவது 48 எம்பி. மூன்று புடவைப் படத்தை அப்படியே வைத்திருந்தால் 144 எம்பி. 2 ஜிபி போனில் அது பெரிய சுமை. திறக்கும்போதே இன்சாம்பிள்சைஸ் 4 (நீள அகலம் நான்கில் ஒன்று) என்று கொடுத்தால் ஒரு படம் 3 எம்பியில் அடங்கும். பில்லோடு காட்ட அது தாராளம்.

இனி பில். அநேகமாக பில் வரிகளை வியூமாடலிலோ ஸ்டாட்டிக் மாறியிலோ வைத்திருப்பீர்கள்; இரண்டும் மெமரியில் மட்டுமே இருப்பவை. திரையைத் திருப்பினால் வியூமாடல் தாங்கும். புரோசஸ் செத்தால் தாங்காது. ஒவ்வொரு வரி சேர்ந்ததும் ரூம் டேட்டாபேஸில் (போனின் சேமிப்பில்) எழுதிவிடுங்கள். திரையின் நிலையை ஓஎஸ்ஸிடம் ஒப்படைக்கும் ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்டில் பில்லிலிருந்து அதன் எண்ணை மட்டும் போடுங்கள். பில் முழுவதையும் படத்தையும் அதில் திணித்தால் பைண்டர் (ஆப்புக்கும் ஓஎஸ்ஸுக்கும் இடையே தகவல் கடத்தும் வழி) வைத்துள்ள 1 எம்பி வரம்பில் முட்டி ஆப் விழும். கேமராவுக்குக் கொடுத்த ஃபைல் முகவரியையும் அதிலேயே சேமியுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: பில் திரும்ப வரும், எடுத்த படம் எங்கே என்று ஆப்புக்குத் தெரியாது. கேமராஎக்ஸ் லைப்ரரி கொண்டு ஆப்புக்குள்ளேயே படம் எடுப்பது இன்னும் நல்லது. ஆப் பின்னணிக்கே போகாது.

சோதிக்க: பாதி பில் போட்டு ஹோம் அழுத்துங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஏடிபி ஷெல்லில் (போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ‘ஏஎம் கில்’ கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். ரீசண்ட்ஸ் வழியாகத் திரும்பி வாருங்கள். வரிகள் அப்படியே இருக்க வேண்டும். ‘ஃபோர்ஸ்-ஸ்டாப்’ கொடுத்துச் சோதிக்காதீர்கள், அது சேமித்த நிலையையும் சேர்த்துத் துடைத்துவிடும். அறிவிப்பைச் சோதிக்க ‘ஏஎம் சென்ட்-டிரிம்-மெமரி’ உண்டு. ஆப் திரையில் இருக்கும்போது பின்னணி நிலையை அனுப்பினால் ஏற்காது, எனவே இங்கேயும் முதலில் ஹோம்.

கடைப் போனில் உண்மையில் மெமரிதான் காரணமா என்று பார்க்க, ஆண்ட்ராய்டு 11 முதல் கெட்ஹிஸ்டாரிகல்புரோசஸ்எக்ஸிட்ரீசன்ஸ் இருக்கிறது. ஆப் தொடங்கும்போது அதைப் படித்து லாகில் எழுதுங்கள். ‘லோ மெமரி’ என்று வந்தால் சந்தேகமில்லை. சில போன்கள் அந்தக் காரணத்தைச் சொல்லாமல், சிக்னல் 9-ஆல் நின்றது என்று மட்டும் காட்டும். அப்போது எக்ஸெப்ஷன் (ஆப்பின் சொந்தப் பிழை) எதுவும் லாகில் இல்லையா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.