சத்தம் போடவில்லை என்றால் சம்மதமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. தங்கச்சிக்கு 26 வயது, கடல்பாசி எடுக்கப் போகிறாள். முன்பணம் கொடுத்திருக்கும் வியாபாரி, கணக்குப் பார்க்கலாம் என்று குடோனுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திப் பலவந்தம் செய்துவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. அவள் சத்தம் போடவில்லை. ‘போதையில் நடந்தது, நல்ல மனுசன்’ என்கிறார்கள். பத்து வருடப் பழக்கம். எப்படி மனசு வந்தது?

பதில்: பழக்கம்தான் வழி விட்டிருக்கிறது, அம்மா. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். இத்தகைய வழக்குகளில் 100-க்கு 90-க்கு மேல் தெரிந்த ஆள்தான்.

எல்லாருக்கும் பாசியின் ஈரத்துக்கு எடை கழிக்கிற அந்த வியாபாரி, தங்கச்சிக்கு மட்டும் இரண்டு மாதமாகக் கழிக்கவில்லை என்று கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. முதலில் சலுகை. அப்புறம் தராசருகே தோளில் ஒரு கை. அவள் சங்கடமாகச் சிரித்து நகர்ந்தால், மறுப்பில்லை என்று அவர் வரவு வைத்துக்கொள்வார். கடன் கொடுத்த இடத்தில் எல்லாமே தனக்குப் பாத்தியதை என்கிற நினைப்பு அது. குடி துணிச்சல்தான் தரும், நினைப்பைத் தராது. அதே போதையில் அவர் படகு முதலாளி வீட்டுப் பக்கம் போகவில்லையே!

மூச்சடக்கிக் கடலில் முங்குகிறவளுக்குக் கத்தத் தெரியாதா என்று கேட்கிறார்களாம். உச்ச பயத்தில் உடம்பு உறைந்துபோகும், நாக்கு எழும்பாது. ஸ்டாக்ஹோமில் பலாத்காரத்துக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதம் பேர் அப்படி உறைந்ததாகச் சொன்னார்கள். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் சொல்கிறது.

‘தப்பாகப் புரிந்துகொண்டார்’ என்பார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவள் உடம்பு சுருங்கியதுமே அவர்கள் கை பின்வாங்கிவிடும், முகம் செத்துப்போகும், மறுநாள் ஒன்று மன்னிப்புக் கேட்பார்கள், இல்லை கண்ணில் படமாட்டார்கள். கதவைச் சாத்தமாட்டார்கள். ‘பாக்கி எவ்வளவு தெரியுமா?’ என்று நோட்டை விரிக்கமாட்டார்கள். உங்கள் ஆள் இரண்டையும் செய்திருக்கிறார்.

இனி சமாதானம் பேச ஒருவர் வருவார். கட்டாயம் வருவார். பொண்ணு பேர் கெடக்கூடாது, கடனைத் தள்ளிவிடலாம் என்பார். இரண்டு பக்கமும் வாங்குகிற ஆள் அவர். அவர் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனில் ‘எங்கள் எல்லை இல்லை’ என்பார்கள். எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுதவேண்டும். ஒருமுறை ஒரு பெண்ணோடு காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரே கதையை மூன்று பேரிடம் சொல்லவைத்தார்கள். மூன்றாவது ஆளுக்கு அந்த வழக்கில் வேலையே இல்லை! பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசிவிட்டு, துணைக்கு ஆளோடு போங்கள். ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தாகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

அன்றைய துணி துவைக்காமல் இருந்தால் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். கணக்கு நோட்டில் தங்கச்சியின் பக்கத்தைப் போட்டோ எடுங்கள், எடை கழிக்காத அந்த இரண்டு மாதமும் தெரிகிற மாதிரி.