மேற்கோள் குறி போட்டும் படங்கள் ஏன் நகரவில்லை?

கேள்வி: டெர்மினலில் எல்எஃப் ஃபைல் மேனேஜர் வைத்திருக்கிறேன். படங்களை ஆல்பம் ஃபோல்டருக்கு நகர்த்த, எம்வி கட்டளையில் டாலர் எஃப்எக்ஸை இரட்டை மேற்கோளுக்குள் எழுதி ஒரு கீயில் வைத்தேன். ஒரு படம் என்றால் போகிறது. மூன்றைத் தேர்வு செய்தால் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்கிறது. எங்கே தப்பு?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த மேற்கோள் குறியில்தான். எல்எஃப் ஒவ்வொரு ஷெல் கட்டளைக்கும் (ஷெல் என்பது கட்டளைகளை இயக்கும் நிரல்) சில சூழல் மாறிகளை, அதாவது பெயரிட்ட மதிப்புகளைக் கொடுத்தனுப்புகிறது. எஃப் என்பது கர்சர் நிற்கும் ஃபைல். எஃப்எஸ், நீங்கள் ஸ்பேஸ் தட்டித் தேர்வு செய்தவை. எஃப்எக்ஸ், தேர்வு இருந்தால் அவை, இல்லாவிட்டால் கர்சரில் உள்ளது. எல்லாமே முழுப் பாதையோடு, வரிக்கு ஒன்றாக வரும். மேற்கோளுக்குள் வைத்தால் மூன்று வரியும் சேர்ந்து ஒரே பெயராகிவிடும். அந்தப் பெயரில் ஃபைல் எங்கே இருக்கும்?

சரி, குறியை எடுத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அப்படி எடுத்துத்தான் நான் ஒரு வருட வீட்டுக் கணக்கைத் தொலைத்தேன். 'கணக்கு பழையது' என்ற ஃபைல் மேல் கர்சரை வைத்து, மேற்கோள் இல்லாத ஆர்எம் (அழிக்கும் கட்டளை) கீயைத் தட்டினேன். ஷெல் பெயரை இடைவெளியில் வெட்டியது. முன்பாதி முழுப் பாதையோடு 'கணக்கு' என்று முடிந்தது. அதே ஃபோல்டரில் அந்தப் பெயரில்தான் நடப்பு வருடக் கணக்கு இருந்தது. அழிந்தது அது.

அதனால் முதலில் எல்எஃப்பின் அமைப்பு ஃபைலான எல்எஃப்ஆர்சியில் 'செட் ஐஎஃப்எஸ்' என்று எழுதி, இரட்டை மேற்கோளுக்குள் புதுவரிக் குறியைக் கொடுங்கள். அதாவது பின்சாய்கோடு, அடுத்து ஆங்கிலச் சின்ன 'என்' எழுத்து. ஷெல் எந்தக் குறியில் வெட்ட வேண்டும் என்று சொல்வதுதான் ஐஎஃப்எஸ். இனி ஷெல் வரி முடியும் இடத்தில் மட்டும் வெட்டும். ஐஎஃப்எஸ்ஸை வெளியிலிருந்து அனுப்பினால் பாதுகாப்புக் கருதி ஷெல் ஏற்காது. அதனால் எல்எஃப் அதை உங்கள் கட்டளையின் தலையிலேயே எழுதிச் சேர்க்கிறது. எஸ்எச், பாஷ் இரண்டுக்கும் இது ஒத்துவரும், ஃபிஷ் ஷெல்லுக்கு வராது.

அப்புறம் எஃப்எக்ஸின் மேற்கோளை எடுங்கள். எஃப் எப்போதும் ஒரே ஃபைல்தான், அதன் மேற்கோள் இருக்கட்டும். பெயரில் நட்சத்திரக் குறி வரக்கூடும் என்றால், ஷெல் அதை வேறு ஃபைல் பெயர்களாக விரிக்காமல் இருக்க, கட்டளையின் தொடக்கத்தில் 'செட் மைனஸ் எஃப்' போடுங்கள்.

மாற்றியதும் எல்எஃப்பில் ஆச்சரியக்குறியைத் தட்டி, அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப் கொண்டு எஃப்எக்ஸின் ஒவ்வொரு பெயரையும் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுப் பாருங்கள். இடைவெளி உள்ள பெயர் ஒன்றாவது தேர்வில் இருக்கட்டும். மூன்று படத்துக்குச் சரியாக மூன்று அடைப்பு வந்த பிறகு எம்வி கீயைத் தட்டுங்கள்.