பழைய கம்ப்யூட்டரை மெயில் சர்வராக்கலாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று, 4 ஜிபி ரேமோடு சும்மா கிடக்கிறது. கடைப் பெயரில் டொமைன் இருக்கிறது. ஐந்து பேருக்கு மெயில் வேண்டும். இதையே சர்வராக்கிவிடலாமா?

பதில்: கம்ப்யூட்டருக்கு அந்தத் தெம்பு தாராளமாக இருக்கிறது. டெபியன் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, மெயில் அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், மெயில் பெட்டியைத் திறந்து காட்ட டவ்காட் என்ற மென்பொருள்களை நிறுவினால் ஐந்து பேருக்கு 2 ஜிபி ரேமே போதும். இடிக்கப்போவது உங்கள் இணைய இணைப்புதான்.

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் போவது போர்ட் 25 என்ற எண்ணிட்ட வாசல் வழியாக. ஸ்பேமுக்குப் பயந்து சாதாரண இணைப்புகளில் பல நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. எதையும் நிறுவும் முன், ஜிமெயிலின் மெயில் வாங்கும் சர்வரை டெல்நெட் என்ற கட்டளையால் போர்ட் 25-இல் தட்டிப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி இருக்கிறது. ‘டிரையிங்’ என்றே நின்றுகொண்டிருந்தால் கதவு சாத்தியாகிவிட்டது.

சரி, திறந்தே இருக்கட்டும். நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி எண் வேண்டும். அந்த ஐபி யாருடையது என்று இணையத்தில் திருப்பிக் கேட்டால் (ரிவர்ஸ் டிஎன்எஸ்) உங்கள் சர்வரின் பெயர் வரவேண்டும். உங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் ஆகிய பதிவுகளும் டொமைனில் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் ரொம்பவே கறார். குறை இருந்தால் நீங்கள் அனுப்பும் கொட்டேஷன் ஸ்பேமில் கிடக்கும். வாடிக்கையாளர் போன் செய்து சொல்லவா போகிறார்?

அதனால் டொமைன் மெயிலைக் கட்டணச் சேவை ஒன்றிடமே விடுங்கள். பழைய பெட்டிக்கு வேறு வேலை கொடுக்கலாம்: கெட்மெயில் என்ற மென்பொருள் மூலம் தினமும் எல்லா மெயிலையும் இழுத்து, டவ்காட்டில் சேமிக்கட்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய பில்லை யாராவது கேட்டால் நொடியில் எடுக்கலாம். கரண்ட் போனாலும் நஷ்டமில்லை, வந்ததும் விட்ட இடத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். புது எஸ்எஸ்டி ஒன்று போட்டு, வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கிலும் நகல் எடுங்கள். 60 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யூனிட். இரண்டு மாத பில்லில் 86. பழைய லேப்டாப் இருந்தால் இன்னும் நல்லது, பெரும்பாலும் அதில் பாதிகூட ஆகாது.

அப்புறம், மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032. அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பின்னுக்குப் போய், மெயில் சேவையின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உங்கள் பெட்டி அதனுடன் இணைய மறுக்கலாம். முதலில் அதை மாற்றுங்கள்.