கழுத்துக் கட்டியோடு வந்திருக்கும் தம்பிக்கு

குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி, அறை வாடகை, பகுதிநேர வேலை, குளிருக்கான உடை என்று வரிசையாகக் கேட்டுவிட்டுப் போகிற போக்கில் இதையும் கேட்டிருக்கிறார்: "கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருக்கிறது, வலி இல்லை. விடுமுறைக்கு ஊர் போகும்போது வேலூரில் காட்டிக்கொள்ளலாமா?" மற்றதற்கெல்லாம் உடன் படிப்பவர்கள் பதில் சொல்வார்கள். இதை நான் விடமாட்டேன்.

ஒத்திப்போடாதீர்கள் தம்பி. ஆற்காட்டிலிருந்து வந்து இங்கே கிடங்கில் இரவு வேலை பார்த்த காலத்தில் எனக்கும் அதே இடத்தில் கட்டி வந்தது. அம்மா போனிலேயே கண்டமாலை, அதாவது கழுத்தில் வரும் காசநோய்க் கட்டி, என்று முடிவு கட்டிவிட்டார். அறையில் இருந்த நம்மவர்களோ, "இங்கே எதற்கெடுத்தாலும் பாராசிட்டமால்தான், ஊருக்குப் போய்ப் பார்" என்றார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் குடும்ப மருத்துவரிடம் பெயரைக்கூடப் பதிந்திருக்க மாட்டார்கள். இன்றும் இவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறீர்கள்?

முதலில் பார்த்த மருத்துவர் நெறிகட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் விடாமல் திரும்பப் போனேன். கட்டியைத் தட்டினால் சுரீர் என்கிறது, பக்கவாட்டில் அசைகிறது, மேலும் கீழும் அசையவில்லை என்று விளக்கிச் சொன்னேன். நீங்களும் தொட்டுப் பார்த்து, இருப்பதை அப்படியே சொல்லுங்கள். சோதனைக்காகக் கட்டியில் ஊசி குத்தி எடுத்தபோது காது மடல்வரை மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. அதிலும் முடிவு தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் கழுத்துத் தசைக்குள் புதைந்திருந்த முட்டை வடிவக் கட்டி தெரிந்தது. அதன் பெயர் ஷ்வானோமா. நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து மெதுவாக வளர்வது, புற்றுநோய் அல்ல. கழுத்தில் வருவதுண்டு என்றாலும் தசைக்குள் வருவது அபூர்வம். எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதி செய்தார்கள்.

உங்களுடையதும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்தால், கத்தி வைக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நரம்போடு சேர்த்து வெட்டுவீர்களா, உறையைக் கீறிக் கட்டியை மட்டும் எடுப்பீர்களா? எனக்கு, பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவது போல எடுத்தார்கள். தோளைத் தூக்கும் நரம்பு அந்தத் தசையை ஒட்டித்தான் ஓடுகிறது. அது அறுந்தால் தோள் தொங்கிவிடும். மயக்கம் தெளிந்ததும் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார் மருத்துவர்; தூக்கினேன். காது மடல் மட்டும் வெகுநாள் மரத்திருந்தது, முகம் மழிக்கும்போது தெரியும்.

வேலூரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், சி.எம்.சி.யில்தான். ஸ்கேன், ஊசி, அறுவை, தையல் பிரிப்பது, இத்தனையும் ஒரு விடுமுறைக்குள் அடங்காது என்பதுதான் என் கவலை. கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் கோப்பும் கையுமாக வங்காளிப் பலகை மாட்டிய விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கியிருப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மொழியும் தெரியாது, சோறும் பிடிக்காது, ஆனாலும் வேலை முடியாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். இங்கே கோப்போடு காத்திருந்த நாட்களில் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கே குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் அன்றைய நேரமெல்லாம் தீர்ந்துவிடும்.