அணு ஆயுத நாடுகளை ஒப்பிட்டால் யாருடைய ராணுவம் பலமானது? இந்தியா–பாகிஸ்தான் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

கேள்வி கேட்டவர் கல்லூரி விடுதியில் இருக்கும் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். ராத்திரி யாருடனோ பேச்சு முற்றி, விடிவதற்குள் ஒரு பட்டியல் வேண்டும் என்று இங்கே வந்திருப்பீர்கள். அப்படி ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் நடுவில் மூக்குடைபட்டவன் நான். அதனால்தான் தூக்கத்தை விட்டு எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் எத்தனை அணு வெடிமுனைகள் (ஏவுகணையிலோ குண்டிலோ இருக்கும் அணுகுண்டுப் பகுதி) என்ற எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'கேட்டதற்குப் பதில் எங்கே?' என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். ஸ்டாக்ஹோமில் இருக்கும், உலக நாடுகளின் ஆயுதக் கணக்கை ஆராயும் சிப்ரி நிறுவனத்தின் 2025 ஜனவரி மதிப்பீடு இது: ரஷ்யா 5,459, அமெரிக்கா 5,177, சீனா 600, பிரான்ஸ் 290, பிரிட்டன் 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வட கொரியா 50. எல்லாமே மதிப்பீடுதான். இஸ்ரேல் தன்னிடம் இருக்கிறது என்று வாய் திறந்து ஒப்புக்கொண்டதே இல்லை.

இனி என் கதை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். சூலூர் விமானப்படைத் தளம் எங்களுக்குப் பக்கம். தேஜஸ் கிளம்பினால் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். 2024 ஆகஸ்டில் அங்கே 'தரங் சக்தி' என்று கூட்டுப் பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் எல்லாம் வந்தன. வேலையாட்களோடு மொட்டை மாடியில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிரான்சில் அணு ஏவுகணையைச் சுமப்பதும் அன்று அவர்கள் கொண்டுவந்த ரஃபேல் போர் விமான வகைதான் என்று பிற்பாடு படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து ராணுவச் செய்தி என்றால் ஒரு வரி விடமாட்டேன்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நாலு நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் ஊரில் டீக்கடை என்றால் பேக்கரிதான். டிவிக்கு முன்னால் நிற்க இடமில்லை. கிழித்து வைத்திருந்த ஏப்ரல் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மேலே சொன்னது மாதிரி அப்போது கிடைத்த ஒரு பட்டியலைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போனேன். "நமக்கு 180, அவர்களுக்கு 170. பத்து கூடுதல். முடிந்தது கதை" என்று சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் தலையாட்டினார்கள்.

ஓரத்தில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்த மச்சான் தாளை வாங்கினார். என் மனைவியின் அண்ணன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் 2001 டிசம்பரில் தொடங்கிய ஆபரேஷன் பராக்ரமில் ராஜஸ்தான் எல்லையில் பத்து மாதம் கிடந்தவர். பட்டியலை அவர் படிக்கவே இல்லை. தாளைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் பாவு (தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல்) வந்த தேதிகளுக்கு நான் சுழி போடுவது வழக்கம். ஏப்ரல் முழுக்க மூன்றே சுழி.

"மாப்பிள்ளை, உங்கள் கொட்டகையில் எத்தனை தறி?"

"இருபத்து நான்கு, மச்சான்."

"ஓடுவது எத்தனை?"

"பதினொன்று. மற்றதற்குப் பாவு இல்லை."

"அப்படியானால் இருபத்து நாலு தறிக்காரர் என்று ஊருக்குள் சொல்லிக்கொள்வது எந்தக் கணக்கு?"

பேக்கரியே சிரித்தது. டீ ஆற்றுகிற பையன் உட்பட. எனக்கு வந்த கோபத்தில் காசு கொடுக்காமலேயே வெளியே வந்துவிட்டேன். அவர்தான் கொடுத்தாராம்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஆத்திரம் அடங்கி உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்த மனிதர் சொன்னது உறைத்தது. ஜூனில் வந்த சிப்ரி அறிக்கையிலேயே இருக்கிறது. நான்தான் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிட்டேன். உலகத்தில் மொத்தம் 12,241 வெடிமுனைகள் என்றால், அவற்றில் ராணுவத்தின் கையிருப்பு ஏறக்குறைய 9,614தான். மீதி கழற்றுவதற்காக ஓரங்கட்டியவை. ஏவுகணையிலும் விமானத் தளத்திலும் தயாராக இருப்பவை 3,912 அளவுக்கு. அவற்றிலும் உடனே ஏவும் நிலையில் இருப்பவை சுமார் 2,100. அநேகமாக எல்லாமே ரஷ்யாவுடையதும் அமெரிக்காவுடையதும். இன்னொன்று கவனியுங்கள். மொத்தக் கணக்கில் ரஷ்யா முதலிடம். பாவு ஏறிய தறியை மட்டும் எண்ணினால் அமெரிக்கா 1,770, ரஷ்யா 1,718. இடமே மாறிவிடுகிறது! பிரிட்டனைப் பார்த்தால் வெறும் 225. விமானத்திலும் இல்லை, தரையிலும் இல்லை. நான்கே நீர்மூழ்கிக் கப்பல்கள். அவற்றில் ஒன்றாவது எப்போதும் கடலுக்கடியில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை 225 என்ற எண்ணை வைத்து எதிரி என்ன கணக்குப் போடுவான்? நம்மிடமும் அரிஹந்த் 2016இலும் அரிகாட் 2024இலும் சேர்ந்தது இதற்காகத்தான்.

வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிற குளோபல் ஃபயர்பவர் பட்டியலைக் காட்டி 'இந்தியா நாலாவது இடம்' என்று யாராவது சொன்னால், அதில் அணு ஆயுதத்தைச் சேர்ப்பதே இல்லை என்று சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் வட கொரியா முப்பதுக்கும் கீழே கிடக்கிறது. முப்பதுக்கும் கீழே இருப்பவனிடம் முதலிடத்துக்காரன் ஏன் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறான்? செலவுக் கணக்கும் அப்படித்தான். 2024இல் இந்தியா ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 86 பில்லியன் டாலர், பாகிஸ்தான் 10 பில்லியன் சொச்சம். எட்டு மடங்கு. அந்த எட்டு மடங்குக்குப் பதிலாகத்தான் அவர்கள் 'நஸ்ர்' என்று 60, 70 கிலோமீட்டர் போகும், அணுகுண்டு சுமக்கும் குட்டி ஏவுகணையைக் காட்டுகிறார்கள். கோவையிலிருந்து திருப்பூரைத் தாண்டிச் சற்றுத் தூரம், அவ்வளவுதான். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது 2003இல் நாம் அறிவித்த கொள்கை. அடித்தால் திருப்பி அடிப்பது பேரழிவாக இருக்கும் என்பதும் அதிலேயே உண்டு. அவர்கள் அந்த உறுதியைத் தரவே இல்லை. ஆக, எண்ணிக்கையில் பத்து கூடுதல் என்று நான் கூவியதற்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

நாட்டுப்பற்று இல்லாதவன் என்று எழுத விரல் துடிப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து ஆள் எல்லைக்குப் போயிருக்கிறார். மச்சான் வேலை பார்த்த அந்தப் பத்து மாதத்தில் போரே நடக்கவில்லை. கண்ணிவெடியிலும் விபத்திலுமே பல நூறு வீரர்கள் போய்விட்டார்கள். அவர் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 2022 மார்ச்சில் நம்முடைய பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானில் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்ததே, அதைப் பற்றி மட்டும் ஒருமுறை சொன்னார்: "வெடிமுனை இல்லாததால் பிழைத்தோம் மாப்பிள்ளை." மூன்று அதிகாரிகளை வேலையை விட்டே நீக்கினார்கள். அந்தச் சமயத்தில் எந்த டிவியிலும் பட்டியல் போட்டு யாரும் கத்தவில்லை.

அதைவிட ஆச்சரியம், இரு நாடுகளும் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 1988இல் போட்ட ஒப்பந்தம், 1992 முதல் நடக்கிறது. எங்கள் பக்கம் பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் கோர்ட்டுக்கு நடப்பார்கள். ஆனால் பொதுக் கிணற்றில் யார் என்றைக்கு மோட்டார் போடுவது என்ற முறை மட்டும் தவறாது. அந்த மாதிரிதான்.

ஏப்ரலில் மூன்று சுழி ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருந்த நேரம் அது. பாவும் ஊடை நூலும் கொடுத்து நெய்து வாங்குகிறவர்கள் பேச்சுவார்த்தையில் ஒரு கூலிக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். நாலு மாதம் கழித்து, 'மார்க்கெட் சரியில்லை' என்று அதில் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். கேட்டால் அடுத்த பாவு வராது. மின்கட்டணம் மட்டும் ஏறினால் ஏறினதுதான். போன வருஷம் ஆறு தறிகளை எடைக்குப் போட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர், லாரி கிளம்பும்வரை வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. இதற்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லைதான். எங்கே சொல்வது?

தம்பி, யார் பலசாலி என்ற உங்கள் கேள்விக்கு: விமானம், கப்பல், பணம் என்று வழக்கமான போரில் அமெரிக்கா மேலே, அடுத்து ரஷ்யாவும் சீனாவும், இந்தியா பாகிஸ்தானைவிட நன்றாகவே மேலே. இரண்டு பக்கமும் அணுகுண்டு வந்துவிட்டால் யார் ஜெயிப்பார் என்று கேட்டால், நான் அந்தப் பேக்கரியில் வாயைத் திறக்க மாட்டேன். விடுதியில் நீங்களும் திறக்காதீர்கள், அங்கேயும் எவனாவது ஒரு மச்சான் பன் தின்றுகொண்டு இருப்பான்.

நேற்றுதான் பாவு பிணைக்கிறவர் வந்துவிட்டுப் போனார். இப்போது பதினாறு ஓடுகிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.