மட்டக்களப்பின் செ. இராஜதுரை எப்படி மலேசியாவுக்கான உயர்ஸ்தானிகரானார்?

வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுதியா, கட்சி மாறியதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சை இல்லை, அது அரசியல் நியமனம். இலங்கையில் தூதுவர்களை (பொதுநலவாய நாடுகளில் அவர்களுக்குப் பெயர் உயர்ஸ்தானிகர்) நியமிப்பது ஜனாதிபதி. சேவையில் படிப்படியாக உயர்ந்தவர்களோடு வெளியாட்களையும் அனுப்பும் வழக்கம் எப்போதும் உண்டு.

1956இல் தமிழரசுக் கட்சியில் வென்ற இராஜதுரை, 1989 வரை மட்டக்களப்பின் எம்.பி. இடையில் மாநகர சபையின் முதல் மேயர். 'சொல்லின் செல்வர்' என்ற பெயர் மேடைப் பேச்சால் வந்தது.

திருப்பம் 1977இல். இருவரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதியான மட்டக்களப்பில் இவர், தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நிற்க, அதே தரப்பின் கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் இறக்கப்பட்டார். ஒரே வீட்டுக்குள் குத்துவெட்டு! இராஜதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார், கசப்பு மட்டும் ஆறவில்லை. 1979இல் அப்போதைய ஆளுங்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தாவி அமைச்சரானார். பிரதேச அபிவிருத்தி, பிறகு இந்து கலாசாரம்.

துரோகம் என்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் முழுக்க அப்படிச் சொல்லமாட்டேன். கூட்டணித் தலைமைக்கும் அதில் பங்குண்டு. 1982இல் அவர் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய விபுலானந்தர் இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

சரி, ஏன் மலேசியா? காரணத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. நாடாளுமன்றக் காலம் முடிந்த மூத்த விசுவாசிக்கு மரியாதையான இடம் தேவைப்பட்டது, கோலாலம்பூரிலோ தமிழர் நிறைய. பேச்சாளருக்கு அங்கே சபைக்குக் குறைவிருக்காது என்பது என் ஊகம்.